உறுதிப்பூசுதல்: ஒரு சமயக் கலைச்சொல்லின் பொருளும் அதைப் பெறுவதற்கான ஆயத்தமும்

1. முன்னுரை

கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொண்டுள்ள ஏழு அருளடையாளங்களுள் இரண்டாவதாக வைத்து எண்ணப்படுவது உறுதிப்பூசுதல் ஆகும். திருமுழுக்குப் பெற்ற ஒருவரின் நெற்றியில் ஆயர் கிறிஸ்மா என்னும் நறுமண எண்ணெயைப் பூசுகிறார். அதன்வழி அவர் தூய ஆவியைக் கொடையாகப் பெறுகிறார் என்பது திருச்சபையின் நம்பிக்கை. இலத்தீன் மரபில் இந்நிகழ்வுக்கு வழங்கும் பெயர் 'கொன்ஃபிர்மாத்சியோ' என்பது. அதற்கு ஈடாகத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் சொல்லே உறுதிப்பூசுதல்.

ஒரு சமயக் கலைச்சொல் நூலில் வாழ்வதோடு வகுப்பறையிலும் வாழ்கிறது. அருளடையாளத்தைப் பெற ஆயத்தம் செய்யும் சிறுவரும் இளைஞரும் முதலில் எதிர்கொள்வது அதன் பெயரையே. பெயர் எதை உணர்த்துகிறதோ அதையே அவர்கள் சடங்கின் பொருளாகவும் கொள்கின்றனர். ஒருமொழிச் சூழலில் இது அவ்வளவாகப் புலப்படுவதில்லை. பலமொழிச் சூழலில் ஒரே சடங்குக்கு மூன்று நான்கு பெயர்கள் ஒருவர் செவியில் விழும்போது, ஒவ்வொரு பெயரும் வெவ்வேறு பொருளை நோக்கி இழுப்பது தெளிவாகிறது.

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், ஒசூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சந்தாபுரா அத்தகைய சூழலுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. இச்சொல்லின் அமைப்பையும், அண்டை மொழிகளிலும் பிற சபைகளிலும் வழங்கும் இணைச்சொற்களையும், சந்தாபுரா போன்ற எல்லைப்புற ஊர்களில் ஆயத்தக் கல்வி எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சடங்கின் அமைப்பு

சொல்லை ஆராயுமுன் சடங்கை அறிதல் வேண்டும். இன்று வழக்கிலுள்ள சடங்குமுறை 1971இல் வெளியிடப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை ஏடு, உறுதிப்பூசுதலுக்கும் திருமுழுக்குக்கும் உள்ள தொடர்பு தெளிவாகுமாறு சடங்கைத் திருத்தியமைக்கப் பணித்தது. அதன்படி திருத்தந்தை ஆறாம் பவுல் 1971 ஆகஸ்டு 15 அன்று ஒரு திருத்தூது அமைப்பு ஏட்டை வெளியிட்டுச் சடங்கின் மையச் சொற்றொடரையே மாற்றினார்.

சடங்கு பின்வரும் ஒழுங்கில் நடைபெறுகிறது. இறைவாக்கு வழிபாட்டுக்குப்பின் பெறுவோர் ஆயரிடம் அறிமுகப்படுத்தப்படுகின்றனர். அவர்கள் தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கின்றனர். ஆயர் அவர்கள்மீது கைகளை விரித்துத் தூய ஆவியின் ஏழு கொடைகளையும் பெயர் கூறி வேண்டுகிறார். பின்னர் ஒவ்வொருவராக முன்வர, ஞானத்தாயோ ஞானத்தந்தையோ தம் வலக்கையைப் பெறுபவரின் தோள்மீது வைக்கிறார். ஆயர் தம் பெருவிரலைக் கிறிஸ்மாவில் தோய்த்து அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, உரிய சொற்றொடரைச் சொல்கிறார். பெறுபவர் 'ஆமென்' என்கிறார். பழைய முறையில் ஆயர் கன்னத்தில் மெல்லத் தட்டும் வழக்கமும் இருந்தது. கிறிஸ்துவின் போர்வீரன் துன்பம் தாங்கப் பழக வேண்டும் என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது. 1971ஆம் ஆண்டுச் சடங்குமுறையில் அது நீக்கப்பட்டது.

கிறிஸ்மா என்பது ஒலிவ எண்ணெயுடன் நறுமணப் பிசின் சேர்த்து, புனித வாரத்தில் ஆயரால் அர்ச்சிக்கப்படும் எண்ணெய். ஒலிவ எண்ணெய் அரிதாகக் கிடைக்கும் நாடுகளில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என 1970இல் இசைவு தரப்பட்டது. இவ்வருளடையாளம் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்பது திருச்சபையின் போதனை. எனவே ஒருவர் இதனை ஒருமுறை மட்டுமே பெறலாம்.

இச்சடங்கில் செயல்கள் இருதிசைப்பட்டவை என்பது நோக்கத்தக்கது. வாக்குறுதியைப் புதுப்பித்தல் பெறுபவரின் செயல். கைவிரித்து வேண்டுதலும் பூசுதலும் அவர்மீது நிகழ்த்தப்படும் செயல்கள். இவற்றுள் அருளடையாளத்தின் மையமாகத் திருச்சபை கொள்வது பின்னதையே. பெயரின் பொருளை அறிய இவ்வேறுபாடு இன்றியமையாதது.

3. கலைச்சொல் அடுக்குகளில் இச்சொல்லின் இடம்

தமிழ்க் கத்தோலிக்கக் கலைச்சொற்கள் மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளன. முதல் அடுக்கு போர்த்துக்கீசியச் சொற்களை ஒலிபெயர்த்துக்கொண்டது. என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அம்மரபில் 1580இல் வெளிவந்த ஒப்புரவுக் கையேட்டின் பெயரே 'கொம்பெசியொனாயரு' என்பது. தூய ஆவியைக் குறிக்க வழங்கிய 'இஸ்பிரித்து சாந்து' என்ற தொடரும் இவ்வடுக்கைச் சார்ந்தது.

இரண்டாம் அடுக்கு வடமொழிச் சார்புடையது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் எழுத்துப்பணியை ஒட்டி இது வலுப்பெற்றது. பழைய ஞானோபதேச நூல்களில் ஏழு அருளடையாளங்கள் தேவதிரவிய அனுமானங்கள் என்ற பொதுப்பெயரின்கீழ் ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், தேவநற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைப்பூசுதல், குருத்துவம், மெய்விவாகம் என வரிசைப்படுத்தப்பட்டன.

மூன்றாம் அடுக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் உருவானது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பச்சாத்தாபம் ஒப்புரவு ஆயிற்று. அவஸ்தைப்பூசுதல் நோயில்பூசுதல் ஆயிற்று. மெய்விவாகம் திருமணம் ஆயிற்று. தேவதிரவிய அனுமானம் என்ற பொதுப்பெயரும் அருளடையாளம், திருவருட்சாதனம் என மாறியது. இத்துணை மாற்றங்களுக்கு இடையிலும் உறுதிப்பூசுதல் என்ற சொல் மாறாமல் நின்றது. இரு உறுப்புகளும் தமிழாக இருந்தமையால் தமிழாக்கத்தின் தேவை அதற்கு நேரவில்லை எனலாம்.

ஆயினும் மாறாமல் நிற்கும் சொல் ஆராயப்படாமலும் நின்றுவிடக்கூடும். புதிய சொல் வரும்போது அதை விளக்க வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு உண்டாகிறது. பழகிய சொல்லுக்கு அக்கட்டாயம் இல்லை.

4. சொல்லமைப்பு

உறுதிப்பூசுதல் என்பது உறுதி, பூசுதல் என்னும் இரு சொற்களாலாகிய தொகை. இவற்றுள் முன்னது விளைவையும் பின்னது வினையையும் குறிக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே மறைந்து நிற்கும் வேற்றுமை உறவு யாது என்பதே வினா.

தமிழில் 'பூசு' என்னும் வினை பூசப்படும் பொருளைச் செயப்படுபொருளாக ஏற்கும். சந்தனம் பூசுதல், திருநீறு பூசுதல், மஞ்சள் பூசுதல், சுண்ணாம்பு பூசுதல் என்பன எடுத்துக்காட்டுகள். இகர ஈற்றுச் சொல் இவ்வாறு செயப்படுபொருளாய் வரும்போது 'கரி பூசுதல்' என இயல்பாகவே நிற்கும், வல்லினம் மிகாது. 'உறுதி பூசுதல்' என ஒற்றின்றி எழுதினால் இந்த வாய்பாட்டிலேயே பொருள்கொள்ள நேரும். அதாவது உறுதியே பூசப்படும் பொருளாகிவிடும்.

சடங்கில் பூசப்படுவது எண்ணெய். உறுதி அதனால் வரும் பயன். ஆதலின் இத்தொகையை 'உறுதியைத் தரும் பூசுதல்' என விரித்து, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொள்ளலாம். 'உறுதிக்காகப் பூசுதல்' என விரித்து நான்காம் வேற்றுமைப் பொருளும் கொள்ளலாம். இருவகையிலும் பகர ஒற்று மிகுதல் பொருத்தமே. 'உறுதிபூசுதல்', 'உறுதிப்பூசுதல்' என்னும் இருவகை வடிவங்களும் அச்சில் காணப்படுகின்றன. இவற்றுள் ஒற்று மிக்க வடிவமே சடங்கின் பொருளுக்கு இயைந்தது.

இதனை அவஸ்தைப்பூசுதல் என்னும் பழைய சொல்லோடு ஒப்பிடுதல் பயனுடையது. அங்கும் தலைச்சொல் பூசுதலே. அங்கும் ஒற்று மிகுந்தே வருகிறது. ஆனால் உறவு வேறு. அவஸ்தை பூசுதலின் பயன் அன்று. பூசுதல் நிகழும் நிலை. அது ஏழாம் வேற்றுமைப் பொருளது. புதிய சொல்லாக்கத்தில் அவ்வுறவு 'நோயில்' என உருபாகவே வெளிப்பட்டுவிட்டது. புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த இரு தொகைகளுள் ஒன்று விரிந்து தெளிவுபெற, மற்றொன்று தொகையாகவே எஞ்சி நிற்கிறது.

'உறுதி' என்ற சொல்லின் பொருட்பரப்பும் கவனிக்கத்தக்கது. திண்மை அல்லது வலிமை என்பது ஒரு பொருள். நிச்சயப்படுத்துதல் என்பது மற்றொரு பொருள். உறுதி செய்தல், உறுதிமொழி, உறுதிச்சான்று முதலிய ஆட்சிகள் இதன்பாற்பட்டவை. நன்மை என்பது மூன்றாவது பொருள்; அறம் பொருள் இன்பம் வீடு ஆகியவற்றை உறுதிப்பொருள்கள் என வழங்குவது இதுபற்றியே. இலத்தீன் சொல்லிலும் முதலிரு பொருள்களும் இணைந்தே உள்ளன. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, மேலைப் பெயர் திருமுழுக்கை உறுதிசெய்தலையும் திருமுழுக்கின் அருளை வலுப்படுத்துதலையும் ஒருங்கே உணர்த்துவதாக விளக்குகிறது. இவ்வகையில் 'உறுதி' பொருத்தமான தேர்வு என்பதில் ஐயமில்லை.

'பூசுதல்' என்ற உறுப்பில் ஒரு குறைபாடும் உண்டு. பூச்சு என்பது மேற்பரப்பில் நிற்பது, கழுவினால் போவது. 'பூசி மெழுகுதல்' என்ற வழக்கு குறையை மறைத்தலையே சுட்டுகிறது. சடங்கின் கோட்பாடு கூறுவதோ அழியாத முத்திரையை. 1971ஆம் ஆண்டுச் சொற்றொடரில் இடம்பெற்ற 'முத்திரை' என்னும் கருத்து பெயரில் உள்ள இக்குறையை ஈடுசெய்கிறது. எனவே பெயரையும் சொற்றொடரையும் இணைத்தே கற்பிக்க வேண்டியுள்ளது.

5. இணைச்சொற்கள்

மலையாளத்தில் இதற்கு வழங்கும் பெயர் 'ஸ்தைர்யலேபனம்'. ஸ்தைர்யம் என்பது உறுதி. லேபனம் என்பது பூசுதல். உறுப்புக்கு உறுப்பு தமிழ்ச் சொல்லோடு ஒத்து நிற்கும் தொகை இது. இரு மொழிகளும் இலத்தீன் பெயரை அப்படியே பெயர்க்காமல், அதில் இல்லாத பூசுதல் என்ற செயலைச் சேர்த்துக்கொண்டுள்ளன. கீழைத் திருச்சபைகளின் பெயர் மரபு இதற்கு மாறானது. கிரேக்க, சிரிய மரபுகள் எண்ணெயையோ அதனைப் பூசுதலையோ கொண்டே பெயரிட்டன. விளைவைப் பெயரில் வைக்கவில்லை. ஆக மேலைப் பெயர் விளைவையும் கீழைப் பெயர் செயலையும் சொல்ல, தமிழும் மலையாளமும் இரண்டையும் ஒரே தொகையில் இணைத்தன.

கன்னடக் கத்தோலிக்க வழக்கில் 'த்ருடீகரண' என்ற சொல் ஆளப்படுகிறது. இதில் எண்ணெய்க்கும் பூசுதலுக்கும் இடமில்லை. வடமொழி இலக்கணத்தார் 'ச்வி' என்று கூறும் ஆக்கமுறையில் அமைந்த சொல் இது. முன்பு ஒரு தன்மை இல்லாத ஒன்றை அத்தன்மையுடையதாக ஆக்குதல் அவ்வாக்கத்தின் பொருள். சொல்லை அணுகி நோக்கினால், உறுதியற்றிருந்ததை உறுதியாக்குதல் எனப்படும்.

தமிழிலேயே சீர்திருத்தச் சபைகள் வேறு சொல்லைக் கொண்டுள்ளன. 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் மரபினரும், 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையினரும் 'திடப்படுத்தல்' என்பர். 'திடம்' கன்னடச் சொல்லின் முதலுறுப்போடு ஒரே மூலம் உடையது. இச்சொல்லில் பூசுதல் இடம்பெறாமை தற்செயலன்று. சீர்திருத்த மரபினர் இந்நிகழ்வை அருளடையாளமாக எண்ணுவதில்லை; ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூலின் பழைய முறையில் கைகளை வைத்து வேண்டுதலே உண்டு, எண்ணெய் இல்லை. லுத்தரன் மரபில் வினாவிடைக் கல்வியும், கற்றவர் சபைமுன் தம் நம்பிக்கையை அறிக்கையிடுதலும் முதன்மை பெறுகின்றன.

எனவே உறுதிப்பூசுதலும் திடப்படுத்தலும் ஒருபொருட்பன்மொழி அல்ல. ஆங்கில மூலத்தில் 'கன்ஃபர்மேஷன்' என்ற ஒரே சொல் வந்தாலும், மூலத்தின் சபைமரபை அறிந்த பின்னரே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஆங்கிலிக்கன் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைப் பெயர்க்கும்போது 'உறுதிப்பூசுதல் பெற்றார்' என எழுதினால், அவர் சபையில் நிகழாத சடங்கு ஒன்று நூலில் நிகழ்ந்ததாகிவிடும்.

6. சந்தாபுராவின் மொழிச்சூழல்

சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் தமிழக எல்லையை ஒட்டிய அத்திபெலேவுக்கும் இடையில் உள்ளது. பொம்மசந்திரா, சிகனி தொழிற்பேட்டைகள் அண்மையில் உள்ளன. எல்லைக்கு அப்பால் ஒசூர். திருச்சபை ஆட்சியில் சந்தாபுரா பெங்களூரு உயர்மறைமாவட்டத்தையும், ஒசூர் 1997இல் நிறுவப்பட்ட தருமபுரி மறைமாவட்டத்தையும் சார்ந்தவை. கன்னடம் ஆட்சிமொழியாகவும், தமிழும் தெலுங்கும் பல இல்லங்களின் மொழிகளாகவும், ஆங்கிலம் பள்ளி மொழியாகவும் வழங்கும் பகுதி இது. தொழிலை நாடி வந்த மலையாளிகளும் வடஇந்தியரும் உடன் வாழ்கின்றனர்.

இத்தகைய இடத்தில் வளரும் தமிழ்க் கத்தோலிக்கச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீட்டில் பாட்டி உறுதிப்பூசுதல் என்கிறார். ஆங்கில வழியில் மறைக்கல்வி பெறும் தோழி கன்ஃபர்மேஷன் என்கிறாள். கன்னட அறிவிப்பில் த்ருடீகரண என்ற சொல் வருகிறது. இம்மூன்று சொற்களும் அவளுடைய அன்றாட மொழியறிவில் மூன்று இடங்களைத் தொடுகின்றன.

ஆங்கிலச் சொல் தொழிற்பேட்டைச் சூழலில் நன்கு அறிமுகமானது. பணியில் சேர்ந்தவர் தகுதிகாண் பருவத்தைக் குறையின்றி முடித்தபின் பெறுவது கன்ஃபர்மேஷன். தொடர்வண்டிப் பயணச்சீட்டுக்கும் இச்சொல்லே. முன்னது உழைத்துப் பெறும் தகுதி. பின்னது காத்திருந்து பெறும் இடம். இப்பொருள்கள் வழியே சடங்கை நோக்குபவர், திருமுழுக்கு ஒரு தற்காலிகச் சேர்க்கை என்றும், உறுதிப்பூசுதல் தேர்வில் வென்றவர்க்குரிய நிலைப்பேறு என்றும் எளிதில் கருதிவிடக்கூடும்.

கன்னடச் சொல்லும் வெளியுலகில் வாழ்வது. சாதி, வசிப்பிடம் முதலியவற்றுக்கு அரசு அலுவலகங்களில் பெறும் சான்றிதழ் 'த்ருடீகரண பத்ர' எனப்படும். முன்னரே உள்ள ஓர் உண்மைக்கு அதிகாரி ஒருவர் சான்றளிப்பதே அதன் பொருள். இவ்வழக்கினூடே நோக்கினால் ஆயரின் வருகை சான்றொப்பம் இடும் செயலாகத் தோன்றும்.

தமிழ்ச் சொல்லுக்கு இத்தகைய வெளிவழக்கு இல்லை. அதனால் அதற்குப் பிறழ்பொருள் ஏற்படும் வாய்ப்புக் குறைவு. அதே காரணத்தால் விளக்கமின்றிப் பொருள் தோன்றும் வாய்ப்பும் குறைவு. பொருள் தோன்றாதபோது செவிக்குப் பழகிய உறுதிமொழி, உறுதி பூணுதல் ஆகியவற்றின் பொருள் இதன்மீது ஏறிக்கொள்கிறது. 'உறுதி பூணுதல்' என்பதில் வினைமுதல் தானே. ஒருவன் தன் உள்ளத்தில் தானே பூணுவது அது. உறுதிப்பூசுதலிலோ வினைமுதல் வேறொருவர். பெறுபவர் அதை ஏற்பவர். ஒலியில் அணுகிய இவ்விரு தொடர்களும் செயலின் திசையில் எதிரெதிரானவை.

இது வெறும் இலக்கண வேறுபாடு அன்று. மேற்குறித்த மறைக்கல்வி ஏடு இவ்வருளடையாளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தருகிறது. இதனைக் கிறித்தவ முதிர்ச்சியின் அருளடையாளம் என்று கூறுவதுண்டு. ஆனால் நம்பிக்கையின் முதிர்ச்சியை வயதின் முதிர்ச்சியோடு குழப்புதல் கூடாது. திருமுழுக்கின் அருள் தகுதி பார்த்துத் தரப்படாத கொடையாதலின், அது பயன்தருவதற்குப் பிற்கால ஒப்புதல் தேவையில்லை என்பது அதன் சாரம். ஆங்கிலச் சொல்லின் பணிநிலைப் பொருளும், தமிழில் உறுதிமொழியின் சாயலும் சென்று சேரும் இடம் இவ்வேடு விலக்க முற்படும் கருத்தே ஆகும்.

அண்டை வீட்டு வழக்கம் இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது. சீரோ-மலபார் மரபில் ஸ்தைர்யலேபனம் குழந்தைக்குத் திருமுழுக்கோடு சேர்த்தே வழங்கப்படுகிறது. இலத்தீன் மரபைச் சார்ந்த தமிழ்க் குடும்பத்தில் அது பல ஆண்டுகள் கழித்து வருகிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பகுத்தறியும் வயதளவில் இதனை வழங்கலாம் என்கிறது. ஆயர் பேரவை வேறு வயதைக் குறிக்கவும் இடமளிக்கிறது. பேசவும் அறியாத மலையாளக் குழந்தை பெற்றுள்ளதைப் பதின்ம வயதுத் தமிழ்ச் சிறுமி வகுப்பில் அமர்ந்து கற்றபின் பெறுகிறாள். இரண்டும் ஒன்றே என்றால் கற்றல் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பு.

விடை, ஆயத்தம் என்ற சொல்லில் உள்ளது. ஆயத்தம் தகுதியைத் தேடிக்கொள்வதற்கு அன்று. கொடுக்கப்படுவதை அறிந்து ஏற்பதற்கு. கிறிஸ்துவோடு நெருங்கி ஒன்றித்தல், தூய ஆவியையும் அவர் செயல்களையும் கொடைகளையும் அறிதல், பங்குச் சமூகத்துக்கும் அனைத்துலகத் திருச்சபைக்கும் தாம் உரியவர் என உணர்தல் ஆகியவற்றையே அவ்வேடு ஆயத்தத்தின் நோக்கங்களாகக் கூறுகிறது. ஒப்புரவு அருளடையாளத்தைப் பெற்றுத் தூய்மையாதலும், துணைநிற்கும் ஞானப்பெற்றோரைத் தேர்தலும் ஆயத்தத்தின் பகுதிகள். திருமுழுக்கின்போது நின்றவரே இதற்கும் நிற்பது விரும்பத்தக்கது எனச் சட்டத் தொகுப்பு கூறுவது இரு நிகழ்வுகளின் தொடர்பை வலியுறுத்துவதற்காகவே.

7. ஆயத்தக் கல்வியில் இரு மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

7.1 கொடைகளின் எண்ணிக்கை

தூய ஆவியின் கொடைகள் ஏழு என ஆயத்த வகுப்பில் கற்பிக்கப்படுகிறது. பழைய நூல்களில் ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம், பக்தி, தெய்வபயம் என இவை மனனம் செய்விக்கப்பட்டன. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது எசாயா நூலின் 11ஆம் அதிகாரம். ஆனால் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அவ்விடத்தைத் திறந்து எண்ணும் மாணவர் ஆறு கொடைகளையே காண்பர்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மொழிபெயர்ப்பு வரலாறு. எபிரேய மூலத்தில் இறையச்சத்தைக் குறிக்கும் தொடர் அடுத்தடுத்து இருமுறை வருகிறது. செப்துவகிந்தா என்னும் பழைய கிரேக்கப் பெயர்ப்பு அவற்றுள் முன்னதைப் பக்தி என்ற பொருள்படும் சொல்லாலும் பின்னதை அச்சம் என்ற சொல்லாலும் பெயர்த்தது. இலத்தீன் வுல்காத்தா அதனையே பின்பற்றியது. ஒரு தொடர் இரண்டாகப் பிரிந்ததால் ஆறு ஏழாயிற்று. வழிபாட்டு மரபு ஏழைக் கொண்டது. எபிரேயத்திலிருந்து நேரே பெயர்க்கும் இக்கால விவிலியம் ஆறைத் தருகிறது. ஆயரின் வேண்டலில் ஏழும் இடம்பெறுகின்றன.

தூய ஆவியின் கனிகளிலும் இதே நிலை உண்டு. கலாத்தியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் கிரேக்க மூலம் ஒன்பது கனிகளையும், வுல்காத்தா பன்னிரண்டு கனிகளையும் குறிப்பிடுகின்றன. மறைக்கல்வி மரபு பன்னிரண்டைப் பின்பற்றுகிறது. இவ்வேறுபாடுகளை மறைப்பதைவிட, இரண்டும் எவ்வாறு எழுந்தன என விளக்குவதே மாணவரின் நம்பிக்கைக்கும் மொழியறிவுக்கும் துணைசெய்யும். விளக்கப்படாத எண்ணிக்கை வேறுபாடு பிழையாகத் தோன்றும். விளக்கப்பட்டால் அது வரலாறாகும்.

7.2 மையச் சொற்றொடரின் வேற்றுமை

1971இல் ஏற்கப்பட்ட சொற்றொடர் பைசாந்திய மரபிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அதில் முத்திரை, கொடை, தூய ஆவி என்னும் மூன்று பெயர்கள் ஆறாம் வேற்றுமையால் தொடர்ந்து வருகின்றன. கொடைக்கும் தூய ஆவிக்கும் உள்ள உறவே சிக்கலுக்குரியது. 'தூய ஆவியின் கொடை' என்றால் தூய ஆவியார் தரும் கொடை எனவும், தூய ஆவியார் என்னும் கொடை எனவும் இருபொருள் படும். திருத்தந்தையின் ஏடு இரண்டாவது பொருளையே கொள்கிறது. பெறுபவர் பெறும் கொடை தூய ஆவியே என்று அது தெளிவாகக் கூறுகிறது.

மூலத்தில் கொடை ஒருமையில் நிற்பதும் இதற்குத் துணையாகிறது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் கொடையாக அளிக்கப்படும் ஆவியைக் குறிக்க 'தோரேயா' என்ற சொல் ஒருமையிலும், ஆவி பகிர்ந்தளிக்கும் பல்வேறு வரங்களைக் குறிக்கக் 'கரிஸ்மாதா' என்ற சொல் பன்மையிலும் ஆளப்படுகின்றன. தமிழில் இரண்டுக்கும் கொடை என்ற ஒரே சொல்லை வழங்கினால், ஏழு கொடைகளை மனனம் செய்த மாணவர் மையச் சொற்றொடரிலும் அவ்வேழையே கேட்பர்.

தமிழ் இலக்கணம் இதற்குத் தீர்வு தருகிறது. 'தூய ஆவியாகிய கொடை' என்றோ 'தூய ஆவி என்னும் கொடை' என்றோ விரித்தால் ஐயம் நீங்கும். 'தூய ஆவிக்கொடை' எனத் தொகையாக்கினால் அதனை ஆறாம் வேற்றுமைத் தொகையாகவும் இருபெயரொட்டுப் பண்புத்தொகையாகவும் கொள்ள இடமாகி, ஐயம் மீண்டும் நுழையும். சுருக்கம் விரும்பத்தக்கதெனினும் இவ்விடத்தில் விரித்தலே தெளிவு தருவது. வழிபாட்டில் ஓதப்படும் சொற்றொடர் திருச்சபை ஆட்சியின் ஒப்புதல் பெற்றது. அதனை மொழிபெயர்ப்பாளர் தாமாக மாற்றுதல் இயலாது. ஆனால் விளக்கவுரையிலும் பாடநூலிலும் இவ்விரிவைத் தருவதற்குத் தடையில்லை.

8. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறைக் கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவதாக, கத்தோலிக்க மூலங்களுக்கு உறுதிப்பூசுதல் என்றும், சீர்திருத்தச் சபைகளின் மூலங்களுக்குத் திடப்படுத்தல் என்றும் வேறுபடுத்தி ஆளுதல் வேண்டும். இரண்டாவதாக, பகர ஒற்றை விடாது எழுதுதல் நன்று. பூசப்படுவது உறுதியன்று என்பதை அவ்வொற்றே காக்கிறது. மூன்றாவதாக, துணைவினைத் தேர்வில் கருத்துச் செலுத்துதல் வேண்டும். வாக்குறுதிக்குப் 'புதுப்பித்தல்' பொருந்தும். அருளடையாளத்துக்கு 'வழங்குதல்', 'பெறுதல்' என்பனவே பொருந்தும். 'உறுதிப்பூசுதல் செய்துகொண்டார்' என்பது போன்ற தொடர்கள் வினைமுதலை மாற்றிவிடும். நான்காவதாக, ஆங்கிலமும் கன்னடமும் உடன்வழங்கும் இடங்களுக்கான பாடநூல்களில் இம்மூன்று மொழிச் சொற்களையும் அருகருகே தந்து, அவற்றின் அன்றாடப் பொருளுக்கும் சமயப் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டுதல் பயன்தரும்.

9. முடிவுரை

தமிழ்க் கத்தோலிக்கக் கலைச்சொற்களுள் பெரும்பாலானவை மாறிய காலத்தில் உறுதிப்பூசுதல் மாறாது நின்றது. விளைவையும் செயலையும் ஒரே தொகையில் இணைத்துக் கூறுவதில் அது இலத்தீன் பெயரைவிட நிறைவுடையது. கன்னடச் சொல்லிலும் ஆங்கிலச் சொல்லிலும் இல்லாத எண்ணெயின் நினைவை அது காத்து வைத்துள்ளது. பெறுபவர்மீது நிகழ்த்தப்படும் செயல் என்பதையும் அதன் பின்னுறுப்பு மறவாமல் உணர்த்துகிறது.

ஆனால் தொகைச்சொல்லில் மறைந்து நிற்கும் உறவைக் கேட்போர் தாமே விரித்துக்கொள்வர். விரித்துக் காட்டுவார் இல்லையெனில், அருகில் வழங்கும் சொற்களின் பொருளே அவ்விடத்தை நிரப்பும். சந்தாபுரா போன்ற பன்மொழி ஊர்களில் அவ்வருகிலுள்ள சொற்கள் பணிநிலைப்பாட்டையும் சான்றிதழையும் உறுதிமொழியையும் குறிப்பவை. அவற்றின்வழி கொடையாக வருவது ஊதியமாகவும், பெறுவது ஈட்டுவதாகவும் மாறிப் பொருள்படும். மறையாசிரியர் முதல் வகுப்பிலேயே இச்சொல்லைப் பிரித்து, யார் பூசுகிறார், எதைப் பூசுகிறார், எதற்காகப் பூசுகிறார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறினால், ஆயத்தக் கல்வியின் அடிப்படை அமைந்துவிடும். இவ்விடத்தில் இலக்கண விளக்கமும் மறைக்கல்வியும் ஒரே பணியைச் செய்கின்றன எனலாம்.